குயின் வீடியோக்களை எந்த வரிசையில் பார்க்கலாம்

இங்கிலாந்தின் நாலு பேர் கொண்ட ராக் இசைக்குழு குயின். யூடியூபில் அந்தப் பெயரைத் தேடி, கண்ணில் பட்டதை எல்லாம் தட்டிக்கொண்டே போனால் பாட்டு மட்டும்தான் மனசில் தங்கும். நாலு பேருடைய முகமும் 16 வருஷத்தில் எப்படி மாறிக்கொண்டே வருகிறது என்று பார்க்க ஒரு வரிசை வேண்டும், அதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். டிவியில் பார்ப்பதாக இருந்தால் படம் 4:3 அளவில் இருக்கட்டும், திரை முழுக்க இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் அகலமாகிவிடும்.

முதலில் 1975-இன் 'போஹீமியன் ராப்சடி'. ஒரு தடவை சும்மா பாருங்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு, மூன்று நிமிடம் தாண்டி ஓபரா பகுதி தொடங்கும் இடத்திலிருந்து இன்னொரு தடவை. இயக்குநர் ப்ரூஸ் கோவர்ஸ் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் சுமார் 4 மணி நேரத்தில் எடுத்து முடித்த வீடியோ இது. ஒரே முகம் பல முகமாகப் பெருகுகிறதே, லென்ஸ் முன்னால் பட்டகக் கண்ணாடியை வைத்து எடுத்தது. பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் முகம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகிறதே, கேமராவை மானிட்டர் பக்கமே திருப்பியதால் கிடைத்தது. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் சிலிர்க்கும்.

அடுத்து 10 வருஷம் தாவி 'ஒன் விஷன்'. ஆரம்பத்தைத் தவறவிடாதீர்கள்: 'போஹீமியன் ராப்சடி'யில் இருட்டில் வைர வடிவில் நின்ற அதே நாலு தலைகள், அப்படியே 1985-இன் முகங்களாக மாறும்.

இப்போது ஒரு வருஷம் பின்னால் வாருங்கள். 1984-இன் 'ரேடியோ கா கா'வில் கூட்டம் தலைக்கு மேல் கை தூக்கி இரண்டிரண்டாகத் தட்டுவதைப் பார்த்த கையோடு, 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியின் பதிவைப் போடுங்கள், மைதானமே அதே மாதிரி தட்டும். அடுத்து 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ'. இதில் நாலு பேரும் பெண் வேஷம், ஃப்ரெடி மீசையோடு வேக்குவம் கிளீனர் தள்ளுவார். இங்கிலாந்தில் டிவி சீரியலைக் கிண்டல் செய்கிறார்கள் என்று ரசித்தார்கள், அமெரிக்காவில் எடுபடவில்லை. எல்லோரும் ஃப்ரெடியையே பார்ப்பார்கள், நீங்கள் பாட்டி வேஷத்தில் இருக்கும் பேஸ் கிதார்காரர் ஜான் டீக்கனைப் பாருங்கள்.

கடைசியாக 'தீஸ் ஆர் த டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. 1991 மே 30 அன்று எடுத்தது, கிதார்காரர் பிரையன் மே அப்போது வெளிநாட்டில் இருந்ததால் அவர் வரும் பகுதியைப் பிறகு எடுத்துச் சேர்த்தார்கள். ஃப்ரெடி எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று தெரியாமல் இருக்கக் கறுப்பு வெள்ளை. ஆனாலும் தெரியும். பூனைகள் வரைந்த வெய்ஸ்ட்கோட் போட்டுக்கொண்டு, அதிகம் நகராமல், கையாலும் கண்ணாலுமே பாடுகிறார். அதே வருஷம் நவம்பர் 24 அன்று இறந்துவிட்டார். வீடியோவின் முடிவில் கேமராவை நேராகப் பார்த்துக் கடைசி வரியை மெல்லச் சொல்வார், அதற்குள் அடுத்த பாட்டு குறுக்கே வராதபடி ஆட்டோபிளேயை முன்னாலேயே அணைத்து வையுங்கள்.