வீட்டு பிளானில் ஸ்கேல் வைக்கும் முன்

பிளானில் எழுதியிருக்கும் அளவும் ஸ்கேல் வைத்து அளந்த அளவும் ஒத்துப்போகாவிட்டால், எழுதியிருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தாள் சுருங்கும், நீளும். எழுதிய எண் மாறாது.

ஏ3 தாளுக்கென 1:100-இல் (தாளில் 1 செ.மீ. என்றால் நிஜத்தில் 1 மீட்டர்) வரைந்த பிளானை ஏ4-இல் அச்செடுத்தால் அது கிட்டத்தட்ட 1:141 ஆகிவிடும். 4 மீட்டர் அறை 4 செ.மீ.க்குப் பதில் 2.8 செ.மீ.தான் இருக்கும். இவ்வளவு பெரிய பிழை எப்படியும் கண்ணில் பட்டுவிடும். ஏமாற்றுவது, 'பக்கத்துக்குப் பொருத்து' என்று அச்செடுக்கும்போது வரும் 3 சதவீதச் சுருக்கம். அதே அறை 3.88 மீட்டர் என்று காட்டும், 12 செ.மீ. போயே போச்சு. அதனால் முதலில் பிளானில் எண் எழுதியிருக்கும் நீளமான சுவர் ஒன்றை அளந்து பாருங்கள். 12 மீட்டர் சுவர் 12 செ.மீ. இல்லையென்றால் அந்தத் தாளில் ஸ்கேலுக்கு வேலையில்லை. ஓரத்தில் கோட்டு அளவுகோல் (மீட்டரோ அடியோ குறித்த கோடு) வரைந்திருந்தால் அதை வைத்து அளக்கலாம். படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும்.

கால் அங்குலம் ஒரு அடி என்ற பிளான் 1:48. இதை 1:50 என்று வைத்துக்கொள்வது வழக்கமான தவறு. 12 அடிச் சுவர் தாளில் 76.2 மி.மீ.; 50-ஆல் பெருக்கினால் 3,810 மி.மீ. வரும். உண்மையில் அது 3,658தான். அரை அடி கூடிவிட்டது!

10.5 அடி என்றால் 10 அடி 6 அங்குலம், 5 அங்குலம் அல்ல. 10.6 என்று எழுதியிருந்தால் வரைந்தவரிடமே கேட்டுவிடுங்கள்: சிலர் 10 அடி 6 அங்குலத்தை அப்படி எழுதுகிறார்கள், தசமமாகப் பார்த்தால் அது 10 அடி 7.2 அங்குலம். மீட்டரை அடியாக்க 0.3048-ஆல் வகுத்து, புள்ளிக்குப் பின் வருவதை மட்டும் 12-ஆல் பெருக்குங்கள்.

மீட்டரை அடியாக்கப் பெருக்கும் 3.28 பரப்புக்கு உதவாது. 12 சதுர மீட்டரை அதனால் பெருக்கினால் 39 சதுர அடி வரும்; சரியான விடை 129. பெருக்க வேண்டிய எண் 10.764.

அளவுக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். சுவரின் மையத்திலிருந்து மையம் வரை 3,230 என்றிருந்து, சுவர் 230 மி.மீ. என்றால் உள்ளளவு 3,000. இருபுறமும் 12 மி.மீ. பூச்சு ஏறினால் 2,976. அலமாரிக்கு அளவு கொடுப்பதாக இருந்தால் பூச்சு முடிந்த பிறகு தரையருகே, நடுவில், மேலே என மூன்று இடங்களில் டேப் பிடித்து, அதில் சிறியதைக் கொடுங்கள்.