பழைய வீட்டு நீராவி வெப்ப அமைப்பு: மூல வரைபடத்தைத் தேடுவதும், கிடைக்காதபோது மீட்டு வரைவதும்

பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ பக்கம் 1890-க்கும் 1930-க்கும் இடையில் கட்டிய வீடுகள் பலவற்றில் இன்றும் நீராவிதான் அறைகளைச் சூடாக்குகிறது. நிலக்கரி பாய்லர் போய் எண்ணெய் வந்தது, எண்ணெய் போய் எரிவாயு வந்தது. குழாய்களும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்று தெரியாமல் கை வைப்பதால்தான் இந்த அமைப்புகள் கெடுகின்றன. மூல வரைபடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் குழாய்களை அளந்தே பெரும்பகுதியை மீட்டுவிடலாம். பழைய பாய்லரின் நீர்மட்டம் மட்டும் எளிதில் பிடிபடாது. மற்ற உயரங்கள் எல்லாம் அதிலிருந்து கணக்கிட்டவை என்பதால், முழு வேலையும் அந்த ஒரு கோட்டைக் கண்டுபிடிப்பதில் நிற்கிறது.

காகிதம் எங்கே இருக்கும்

முதலில் நகரக் கட்டட அலுவலகத்தின் அனுமதிக் கோப்பு, அடுத்து உள்ளூர் வரலாற்றுச் சங்கம். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வீடென்றால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகம் போன்ற தொகுப்புகளில் தேடலாம். சாதாரண வீட்டுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பல சிறிய வீடுகளுக்கு வெப்ப அமைப்புக்கென்று தனி வரைபடமே போடவில்லை. எந்த அறைக்கு எத்தனை சதுர அடி ரேடியேட்டர் என்ற பட்டியலோடு ஒப்பந்தம் முடிந்தது, குழாய்ப் பாதையை வேலைக்காரர் இடத்தைப் பார்த்து முடிவு செய்தார். அந்தப் பட்டியல் வீட்டுப் பத்திரங்களோடு கிடந்தால் அதுவே புதையல்.

வீட்டு வரைபடம் இல்லாதபோது தயாரிப்பாளர்களின் பழைய விலைப்பட்டியல்கள் கைகொடுக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில் பில்டிங் டெக்னாலஜி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற தொகுப்பில் ரேடியேட்டர், பாய்லர் பட்டியல்கள் ஏராளம் உள்ளன. வால்விலோ டிராப்பிலோ (நீராவியை நிறுத்தி நீரையும் காற்றையும் மட்டும் விடும் கருவி) வார்த்திருக்கும் காப்புரிமை எண்ணை கூகுள் பேட்டன்ட்ஸில் இட்டால் அந்தப் பொருளின் உள்ளமைப்புப் படமே வந்துவிடும்.

நீலப்பிரதி (நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாக எடுத்த வரைபட நகல்) கிடைத்தால் வெயிலில் விரிக்காதீர்கள். வெளிச்சத்தில் நீலம் மங்கும். காரம் சேர்த்த காப்பகத் தாளோடு சேர்த்தும் வைக்கக் கூடாது, காரமும் நீலத்தை அழிக்கும். உருளையில் இழுக்கும் ஸ்கேனரில் விடாமல் மேலிருந்து படமெடுங்கள். ஈரத்தில் கழுவி எடுத்த தாள் என்பதால் அது சுருங்கியிருக்கும். அளவுகோல் வைத்து அளப்பதைவிட எழுதியிருக்கும் எண்ணை நம்புவதே சரி. ரேடியேட்டர் கட்டத்தின் அருகே உள்ள எண் பெரும்பாலும் சதுர அடி. ரேடியேட்டர் அறையில் இல்லாமல் நிலவறைக் கூரையில் பெட்டிக்குள் தொங்குவதாக வரைந்திருந்தால், அது காற்றைச் சூடாக்கித் தரைச் சல்லடை வழியே மேலே அனுப்பும் மறைமுக முறை.

எந்த வகை என்று முடிவு செய்தல்

ரேடியேட்டருக்கு ஒரே குழாய், எதிர்ப்பக்கம் காற்றுப் போக்கி (காற்றை மட்டும் வெளியே விடும் சிறு வால்வு) இருந்தால் ஒற்றைக்குழாய் முறை. நீராவி ஏறுவதும் குளிர்ந்த நீர் இறங்குவதும் ஒரே குழாயில். இரண்டு முனையிலும் கை வால்வு, கூடவே காற்றுப் போக்கி என்றால் பழைய இரட்டைக்குழாய். நுழைவு வால்வு மேலே, வெளியேறும் முனையில் டிராப், காற்றுப் போக்கி இல்லை என்றால் அது பெரும்பாலும் மிகக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் வேப்பர் முறை. டன்ஹாம், வெப்ஸ்டர், டிரேன், ஹாஃப்மன், புரூமெல் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று எங்காவது வார்த்திருக்கும். இந்த முறையில் பாய்லருக்கு அருகே புரியாத இரும்புப் பாத்திரம் ஒன்று தொங்கலாம். அது என்ன என்று தெரியும்வரை கழற்றாதீர்கள். நீரைப் பாய்லருக்குத் திருப்பி அனுப்பும் வேலையை அதுதான் செய்துகொண்டிருக்கக்கூடும்.

அளந்து வரைதல்

வேண்டியவை: 25 அடி டேப், துணி அளவு நாடா, லேசர் மட்டம், கட்டம் போட்ட தாள், சாக்பீஸ், கைவிளக்கு. குழாய்மேல் வெள்ளையாகவோ நெளிகாகிதம் போலவோ பழைய உறை இருந்தால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டவோ வெட்டவோ கூடாது. ஆய்வகச் சோதனைக்குப் பிறகு உரிமம் பெற்றவர்தான் தொட வேண்டும். உறை இல்லாத இடத்தில் மட்டும் அளவெடுங்கள்.

இரும்புக் குழாயின் பெயரளவும் வெளிவிட்டமும் ஒன்றல்ல. நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுத்தால் குழப்பம் இல்லை: 4⅛ அங்குலம் வந்தால் அது 1 அங்குலக் குழாய், 5¼-க்குச் சற்றுக் குறைவென்றால் 1¼, 6 என்றால் 1½, 7½ என்றால் 2, 9 என்றால் 2½, 11 என்றால் 3.

பாய்லரிலிருந்து தொடங்கி, கிளைகளுக்கு நீராவி கொண்டுபோகும் மெயின் குழாயின் கடைசிவரை நடந்து, ஒவ்வொரு கிளைக்கும் சாக்பீஸில் எண் இடுங்கள். நிலவறைக்கு ஒரு தாள், மாடிக்கு ஒன்று, கடைசியில் உயரங்களை மட்டும் காட்டும் பக்கவாட்டுத் தாள் ஒன்று. அந்தக் கடைசித் தாள்தான் முக்கியம். பழைய நிலவறைத் தரை சமமாக இருக்காது. ஆகவே தரையிலிருந்து அளக்காமல் சுவரில் லேசர் கோடு போட்டு, அங்கிருந்து ஒவ்வொரு குழாயின் அடிப்பகுதிக்கும் அளங்கள். மெயினில் நீராவியும் நீரும் ஒரே திசையில் போனால் 20 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். எதிரெதிராகப் போனால் 10 அடிக்கு 1 அங்குலம். நடுவில் தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். நீராவி அந்த நீரை அள்ளிக்கொண்டு போய் அடுத்த முழங்கையில் மோதும்போது சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம் கேட்கும்.

பழைய நீர்மட்டம்

நல்ல தடயம் பழைய இணைப்புகளே. மெயின் முடிவிலிருந்து செங்குத்தாக இறங்கும் குழாய்கள் எந்த உயரத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று பாருங்கள். அவை நீருக்குள் சேரும்படி அமைத்திருந்தால் நீர்மட்டம் அந்த இணைப்புக்கு மேலே இருந்திருக்க வேண்டும். பாய்லர் அருகே பழைய ஹார்ட்ஃபோர்டு லூப் (திரும்பும் குழாய் ஒழுகினாலும் பாய்லர் நீர் வற்றாமல் காக்கும் குழாய் வளையம்) பிழைத்திருந்தால் அதன் குறுகிய நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குழாய்த் துண்டு) நீர்மட்டத்துக்கு 2 முதல் 4 அங்குலம் கீழே இருக்கும். அதைக் கூட்டினால் கோடு வந்துவிடும். 1919-இல் ஹார்ட்ஃபோர்டு காப்பீட்டு நிறுவனம் முன்வைத்த பிறகே இந்த லூப் பரவியது, அதற்கு முந்தைய வீட்டில் தேடிப் பயனில்லை. பழைய பாய்லரின் பெயரும் மாதிரி எண்ணும் தெரிந்தால் அதன் பட்டியலில் தரையிலிருந்து நீர்மட்ட உயரம் இருக்கும். புகைபோக்கியில் அடைத்திருக்கும் ஓட்டை பாய்லரின் உயரத்தைத் தோராயமாகக் காட்டும், நீர்மட்டத்தைக் காட்டாது.

கிடைத்த கோட்டை இரண்டு விதியால் சரிபாருங்கள். ஒற்றைக்குழாய் முறையில் நீர்மட்டத்திலிருந்து மெயினின் மிகத் தாழ்ந்த முனைவரை குறைந்தது 28 அங்குலம் வேண்டும். புவியீர்ப்பால் நீர் திரும்பும் வேப்பர் முறையில் நீர்மட்டத்துக்கும் ட்ரை ரிட்டர்ன் குழாயின் (நீர்மட்டத்துக்கு மேலே ஓடி நீரைத் திருப்பும் குழாய்) தாழ்ந்த முனைக்கும் இடையே, பாய்லரில் ஏறும் ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்துக்கும் 30 அங்குலம். 1 பிஎஸ்ஐ அழுத்தம் நீரை ஏறத்தாழ 28 அங்குலம் தள்ளி உயர்த்தும் என்பதே இந்த எண்களின் அடிப்படை.

புதிய பாய்லர்கள் பல, பழையவற்றைவிடக் குட்டையானவை. நீர்மட்டம் தாழ்ந்ததும், முன்பு நீருக்குள் மூழ்கியிருந்த இணைப்புகள் வெளியே வந்துவிடுகின்றன. நீராவி ரிட்டர்னுக்குள் நுழைந்து தட்டல் தொடங்குகிறது. ‘பாய்லர் மாற்றியதிலிருந்து சத்தம்’ என்று சொல்லும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பாய்லரைக் கான்கிரீட் கட்டைகள்மேல் உயர்த்துவது எளிய வழி. உயர்த்த இடமில்லாவிட்டால் ரிட்டர்ன் பக்கத்தில் மட்டும் நீரைப் பழைய உயரத்தில் நிறுத்தும் குழாய் அமைப்பைச் சேர்க்க வேண்டும்.

ரேடியேட்டர் கணக்கு

ரேடியேட்டருக்குச் சொல்லும் சதுர அடி, டேப்பில் அளக்கும் பரப்பு அல்ல. வெப்பம் தரும் திறன். நீராவியில் 1 சதுர அடி மணிக்கு 240 பிடியூ (வெப்ப அலகு). பழைய தூண் வகைக்கு (வரிசையாகக் கோத்த ஒவ்வொரு துண்டும் ஒரு செக்‌ஷன், அதன் செங்குத்துக் குழல்களே தூண்கள்) 38 அங்குல உயரத்தில் ஒரு செக்‌ஷனுக்கு 1 தூண் என்றால் 3, 2 தூண் 4, 3 தூண் 5, 4 தூண் 8 சதுர அடி. 26 அங்குல உயரத்தில் அவையே 2, 2⅔, 3¾, 5. ஆக 38 அங்குலம், 3 தூண், 12 செக்‌ஷன் என்றால் 60 சதுர அடி.

வால்வு அளவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒற்றைக்குழாயில் 24 சதுர அடிவரை 1 அங்குலம், 60 வரை 1¼, 100 வரை 1½, அதற்கு மேல் 2 என்பது அன்றைய வழக்கம். 1¼ அங்குல வால்வில் 90 சதுர அடி ரேடியேட்டர் நின்றால், பின்னால் யாரோ வேறு அறையிலிருந்து நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ரேடியேட்டர்தான் நீரைத் துப்பும்.

எல்லா ரேடியேட்டரையும் கூட்டி 320 சதுர அடி வந்தால் 76,800 பிடியூ. குழாய்களைச் சூடாக்க மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் பாய்லர் வெளியீடு சுமார் 1,02,400 பிடியூ. பாய்லரின் தகட்டில் சதுர அடி என்று தனியாக எழுதியிருந்தால் அதில் இந்தக் கூடுதல் ஏற்கெனவே சேர்ந்தது, மறுபடி கூட்டாதீர்கள். பழைய பாய்லரின் அளவைப் பார்த்துப் புதியதை வாங்குவது மோசமான வழி. நிலக்கரிக்கு வேறு கணக்கு, இடையில் ரேடியேட்டர்களும் கழன்றிருக்கலாம்.

மாற்றங்களைச் சிவப்பில்

மூல நிலையைக் கறுப்பிலும் பிற்கால மாற்றத்தைச் சிவப்பிலும் வரையுங்கள். தலைக்கு மேல் இடம் வேண்டுமென்று தூக்கிக் கட்டிய மெயின், ஒற்றைக்குழாய் ரேடியேட்டரில் தவறாகச் சேர்த்த டிராப், மெயின் முடிவில் காற்றுப் போக்கி இருந்த இடத்தில் திருகிய அடைப்பு ஆகிய மூன்றும் அடிக்கடி தென்படும். அந்த அடைப்புதான் மிகவும் கெடுதல் செய்வது. காற்று வெளியேற முடியாமல் தூர அறைகள் குளிர்ந்தே கிடக்க, அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்று யாரோ 5 பிஎஸ்ஐ வைத்திருப்பார்கள். போக்கியைத் திரும்ப மாட்டுங்கள். நீர்த் தெறிப்பு படாதபடி மெயினின் கடைசி முழங்கையிலிருந்து 15 அங்குலம் உள்ளே தள்ளி, 6 அங்குலத்துக்குக் குறையாத நிப்பிளின் மேல் அது நிற்க வேண்டும். பிறகு அழுத்தத்தை 0.5 பிஎஸ்ஐயில் தொடங்கி 1.5-இல் நிற்கும்படி வையுங்கள். வேப்பர் முறைக்கு இதுவும் அதிகம். அங்கே அவுன்ஸ் கணக்கில் (16 அவுன்ஸ் 1 பிஎஸ்ஐ) இயங்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், 8 அவுன்ஸ் போதும்.

முடித்த தாளில் தேதியும் நீர்மட்டக் கோடும் கட்டாயம் இருக்கட்டும். அதே கோட்டை பாய்லருக்குப் பின்னால் சுவரிலும் பெயின்ட்டில் இழுத்துவிடுங்கள். அடுத்த பாய்லரைப் பொருத்த வருபவர் தாளைப் பார்க்காவிட்டாலும் சுவரைப் பார்ப்பார்.