திட்டத்தில் வந்த ஆட்டைத் தக்கவைக்க

நொடிந்த சம்சாரி வீட்டுக்கு அரசுத் திட்டத்தில் நாலு ஆடு கொடுப்பதானால், நெல்லைச் சீமைக் காட்டில் மேய்ந்து பழகிய கன்னி இன ஆட்டையே கேளுங்கள். கருப்பு முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு இருந்தால் அது பால்கன்னி வகை.

சந்தையிலிருந்து வந்ததும் 21 நாள் தனியே கட்டுங்கள். பழைய ஆட்டோடு உடனே சேர்ப்பதால்தான் ஆட்டுக்கொல்லி என்ற தொற்றுநோய் பட்டியையே காலி செய்கிறது.

துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியை ஐப்பசி மழைக்கு முன்பே போட வேண்டும். மழைக்குத் தளிர்த்த புல்லை வெறும் வயிற்றில் மேய்ந்தால் குடலில் நஞ்சு பெருகும்; கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழும். காலையில் காய்ந்த கடலைக்கொடி போட்டுவிட்டுப் பத்தி விடுங்கள்.

பிறந்த குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். 2 கிலோ குட்டிக்கு அன்றைக்கு 200 மில்லி.

காப்பீட்டுக்காக ஆட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லை கழன்றால் அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். வில்லை இல்லாமல் செத்த ஆட்டுக்கு இழப்பீடு வாங்குவது பெரும்பாடு.