எல்லையற்ற பரிமாணத்தில் கால் வைக்கும் முன்: ஃபங்ஷனல் அனாலிசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்ஸி. வகுப்பில் ஃபங்ஷனல் அனாலிசிஸ் (சார்புகளையும் தொடர்வரிசைகளையும் உறுப்புகளாகக் கொண்ட, பெரும்பாலும் எல்லையற்ற பரிமாணமுள்ள வெளிகளை ஆராயும் கணிதப் பிரிவு) தொடங்கும் நாளன்று ஒரு கேள்வி கேட்பேன்: "நேரியலாக இருக்கிற எல்லாச் சார்பும் தொடர்ச்சியானதுதானா?" ஏறக்குறைய வகுப்பு முழுவதும் ஆமாம் என்று சொல்லும். இளங்கலையில் மூன்று ஆண்டுகள் அணிகளோடு பழகிய பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? அணியாக எழுத முடிந்த எதுவும் தொடர்ச்சியானதுதான். அவர்கள் அறிந்த உலகத்துக்கு அந்த விடை சரி. அந்த உலகத்தின் எல்லையைத் தாண்டி வந்துவிட்டோம் என்பதை மட்டும் அவர்கள் இன்னும் உணரவில்லை.

உடனே ஓர் எடுத்துக்காட்டைப் பலகையில் எழுதுவேன். 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியில் பல்லுறுப்புக் கோவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோவையின் நார்ம் என்பது, குறியைப் பாராமல், அந்த இடைவெளியில் அது எட்டுகிற மிகப் பெரிய மதிப்பு. எக்ஸின் 100-ஆம் அடுக்குக்கு நார்ம் 1. 1 என்ற புள்ளியில் அதன் வகைக்கெழு 100. 1000-ஆம் அடுக்குக்கும் நார்ம் அதே 1, வகைக்கெழுவோ 1000. ஒரு கோவையைக் கொடுத்தால் 1-இல் அதன் வகைக்கெழுவைத் திருப்பித் தரும் சார்பு ஐயமில்லாமல் நேரியல். ஆனால் நார்ம் 1-ஆகவே இருந்தும் விடை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகலாம், அதாவது அதற்கு வரம்பே இல்லை. நேரியல் சார்புக்கு வரம்பு இல்லையென்றால் தொடர்ச்சியும் இல்லை.

இந்தப் பாடத்தின் விடைத்தாள்களில் நான் கண்ட பெரும்பாலான தவறுகள் இந்த ஒரே வேரிலிருந்து முளைத்தவை. முடிவுள்ள பரிமாணத்தில் பழகிய கண்ணை மாற்றாமலே எல்லையற்ற பரிமாணத்தைப் பார்க்கிறோம்.

அடுத்து அடிக்கடி வருவது, "கணம் மூடியது, வரம்புள்ளது, ஆகவே காம்பேக்ட், ஒருங்கும் உட்தொடர்வரிசை ஒன்றை எடுப்போம்" என்ற வரி. கை தன்போக்கில் எழுதிவிடும் வரி இது. (கணத்திலிருந்து எடுக்கும் எந்தத் தொடர்வரிசைக்கும் கணத்துக்குள்ளேயே ஒருங்கும் உட்தொடர்வரிசை ஒன்று இருந்தால் அது காம்பேக்ட்.) எல்-2 வெளியில், அதாவது உறுப்புகளுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை முடிவுள்ளதாக இருக்கும் தொடர்வரிசைகளின் வெளியில், (1, 0, 0, …), (0, 1, 0, …), (0, 0, 1, …) என்று போகும் தொடர்வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றின் நார்மும் 1. எந்த இரண்டை எடுத்தாலும் இடையே உள்ள தூரம் 2-இன் வர்க்கமூலம். எல்லாரும் எல்லாரிடமிருந்தும் ஒரே தூரத்தில் நின்றால் யார் யாரை நெருங்குவது? ஒருங்கும் உட்தொடர்வரிசைக்கு இங்கே வழியில்லை. மூடிய அலகுக் கோளம் காம்பேக்டாக இருப்பது முடிவுள்ள பரிமாணத்தில் மட்டுமே என்பது ஃபிரிஜெஷ் ரீஸ் 1918-இல் காட்டிய உண்மை. அந்த வரியை எழுதும்போதெல்லாம் பேனாவை ஒரு நொடி நிறுத்தி, இங்கே பரிமாணம் என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைத் திருத்திக்கொண்டவர்கள் வலுக்குறைந்த ஒருங்கலுக்கு, வகுப்பில் நாம் சொல்லும் வீக் கன்வெர்ஜென்ஸுக்கு, வந்து சேர்வார்கள். தூரம் குறைய வேண்டியதில்லை, தொடர்ச்சியான நேரியல் சார்பு ஒவ்வொன்றின் மதிப்பும் ஒருங்கினால் போதும் என்பது அது. அங்கே வேறொரு குழி இருக்கிறது. மேலே சொன்ன அதே தொடர்வரிசை வலுக்குறைந்த முறையில் 0-ஐ நோக்கிப் போகிறது. ஆனால் நார்ம் கடைசி வரை 1-ஆகவே நிற்கிறது. எல்லைக்குப் போகும்போது நார்ம் குறையலாம், அதிகரிக்காது. "வீக்காக ஒருங்குகிறது, ஆகவே நார்மும் ஒருங்குகிறது" என்று எழுதினால் நிரூபணம் அங்கேயே முறிந்துவிடும். எல்-1 வெளியிலோ (குறியைப் பாராமல் உறுப்புகளைக் கூட்டினால் கூட்டுத்தொகை முடிவுள்ளதாக இருக்கும் தொடர்வரிசைகளின் வெளி) தொடர்வரிசைகளுக்கு வலுக்குறைந்த ஒருங்கலும் நார்ம் வழி ஒருங்கலும் ஒன்றுதான் என்று ஷூர் நிறுவியிருக்கிறார். ஆக, ஒரு வெளியில் கற்றதை விசாரிக்காமல் அடுத்த வெளிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது.

தேற்றத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து, நிபந்தனையை விட்டுவிடும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் தேர்வுமுறை அதை ஊக்குவிக்கிறது என்பது என் வருத்தம். "வகையிடல் செயலியின் வரைபடம் மூடியது, மூடிய வரைபடத் தேற்றத்தின்படி அது வரம்புள்ளது." (செயலி என்பது இங்கே ஒரு வெளியின் உறுப்பை இன்னொரு வெளியின் உறுப்பாக மாற்றும் நேரியல் சார்பு.) படிக்கும்போது எவ்வளவு சரியாகத் தோன்றுகிறது! தொடர்ச்சியான வகைக்கெழு உடைய சார்புகளை, மேலே சொன்ன அதே மிகப்பெரிய மதிப்பு நார்மோடு எடுத்தால், வரைபடம் உண்மையிலேயே மூடியதுதான். ஆனால் அந்த வெளி முழுமையானது அல்ல: தமக்குள் நெருங்கிக்கொண்டே போகும் சில தொடர்வரிசைகளுக்கு அதற்குள் எல்லை கிடையாது. தேற்றம் இரண்டு பக்கமும் பானக் வெளியை, அதாவது நார்ம் உள்ள முழுமையான வெளியை, கேட்கிறது. நார்மில் வகைக்கெழுவின் மிகப்பெரிய மதிப்பையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: வெளி முழுமையாகிவிடும், வகையிடலும் வரம்புள்ளதாகிவிடும். சார்புகள் அவையே, மாறியது அளவுகோல் மட்டும். "வெளி" என்று சொல்லும்போது நார்மையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

பானக்கும் ஸ்டைன்ஹவுஸும் தந்த சீர் வரம்புத் தேற்றத்திலும் இதே கதைதான். ஒவ்வோர் உறுப்பிலும் செயலிகளின் விடைகள் வரம்புக்குள் அடங்கினால், அவற்றின் நார்ம்களும் வரம்புக்குள் அடங்கும் என்பது அது. ஓர் இடத்துக்கு மேல் 0-ஆகவே இருக்கும் தொடர்வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செயலி முதல் உறுப்பை 1-ஆல் பெருக்கித் தரட்டும், இரண்டாவது இரண்டாம் உறுப்பை 2-ஆல், மூன்றாவது மூன்றாம் உறுப்பை 3-ஆல். எந்தத் தொடர்வரிசையைக் கொடுத்தாலும் விடைகள் வரம்புக்குள் அடங்கும், ஏனென்றால் ஓர் இடத்துக்குப் பிறகு எல்லாம் 0. செயலிகளின் நார்ம்களோ 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகின்றன. முழுமை இல்லாத இடத்தில் தேற்றம் நிற்காது.

அணிகளிலிருந்து கடத்தி வரப்படும் இன்னொரு நம்பிக்கை, ஒன்றுக்கொன்றாக இருந்தால் நேர்மாறு கிடைத்துவிடும் என்பது. ஒரு தொடர்வரிசையின் எல்லா உறுப்புகளையும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளி, முன்னால் ஒரு 0 வையுங்கள். நீளம் மாறவில்லை, எதுவும் தொலையவில்லை. ஆனால் முதல் உறுப்பு 0 அல்லாத எதையும் இந்தச் செயலியால் எட்ட முடியாது. எல்-2 வெளியில் இதற்கு ஐகன் மதிப்பு (0 அல்லாத ஓர் உறுப்பைச் செயலி எந்த எண்ணால் பெருக்கித் தருகிறதோ அந்த எண்) ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இதன் ஸ்பெக்ட்ரம் (அலகுச் செயலியின் எந்த மடங்கைக் கழித்தால் நேர்மாறு கிடைக்காதோ அந்த எண்களின் கணம்), கலப்பெண் தளத்தில் மூடிய அலகு வட்டத் தகடு முழுவதும். ஸ்பெக்ட்ரம் என்றாலே ஐகன் மதிப்புகள் என்று எழுதுகிறவர்களிடம் இந்த ஒரு செயலியைக் கொடுத்துவிட்டால் போதும்.

செயலியின் சூத்திரத்தை மட்டும் எழுதி, அது எந்தச் சார்புகளின் மேல் வேலை செய்கிறது என்பதை எழுதாமல் விடுவது முக்கியமாக இயற்பியல் பக்கமிருந்து வருகிறவர்களின் தவறு. 0 முதல் 1 வரை வகையிடலையே எடுப்போம். இரு முனைகளிலும் மதிப்பு 0 ஆக வேண்டும் என்று சொன்னால் ஸ்பெக்ட்ரம் கலப்பெண் தளம் முழுவதும். 0-இல் மட்டும் மதிப்பு 0 என்றால் ஸ்பெக்ட்ரம் வெற்றுக் கணம். இரு முனைகளிலும் ஒரே மதிப்பு என்றால், விட்டுவிட்டு நிற்கும் ஐகன் மதிப்புகளின் வரிசை. சூத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஹெலிங்கரும் டோப்ளிட்ஸும் 1910-இலேயே காட்டிவிட்டார்கள்: ஹில்பர்ட் வெளி (எல்-2 போல, உட்பெருக்கம் உள்ள முழுமையான வெளி) முழுவதும் வரையறுக்கப்பட்ட சமச்சீர்ச் செயலி (உட்பெருக்கத்தில் எந்தப் பக்கத்தில் வைத்தாலும் விடை மாறாதது) வரம்புள்ளதாகத்தான் இருக்க முடியும். ஆகவே வரம்பற்ற சமச்சீர்ச் செயலிக்கு வெளி முழுவதும் களமாக அமையாது. களத்தைச் சொல்லாவிட்டால் செயலியையே சொல்லவில்லை என்று பொருள்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. இயல்பாகத் தோன்றுவது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பி, நிரூபணத்தை மட்டுமே தேடி ஆண்டுகளைச் செலவிடுவது. இதற்குப் பேசிஸ் சிக்கலின் வரலாறு நல்ல பாடம். திசையன் வெளிகளில் நாம் பழகிய பேசிஸ், ஹேமல் பேசிஸ், எல்லையற்ற பரிமாணமுள்ள பானக் வெளியில் எண்ணிடமுடியாத அளவுக்குப் பெரியது, கணக்கிட உதவாது. எல்லையற்ற தொடராக விரித்தெழுத உதவுவது ஷாவ்டர் 1927-இல் அறிமுகப்படுத்திய பேசிஸ். இரண்டையும் குழப்பிக்கொள்வது மாணவர் தவறு. பிரிக்கத்தக்க (எண்ணிடத்தக்க அடர்ந்த உட்கணம் உள்ள) ஒவ்வொரு பானக் வெளிக்கும் ஷாவ்டர் பேசிஸ் உண்டா என்பது, பானக் 1932-இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கும் ஆராய்ச்சிக் கேள்வி.

அப்போது பானக்கும் நண்பர்களும் இருந்த ஊர் லுவூவ். அன்று போலந்தில் இருந்தது, இன்று உக்ரைனில் லிவிவ். ஸ்காட்டிஷ் கஃபே என்ற காபிக் கடையின் மேசைகளில் அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1935-இல் கேள்விகளை எழுதி வைக்க ஒரு தடித்த நோட்டு வந்தது. 1936 நவம்பர் 6 அன்று ஸ்டானிஸ்வாஃப் மசூர் அதில் 153-ஆம் கேள்வியை எழுதி, விடை தருபவருக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசு என்று குறித்தார். அந்தக் கேள்வி, பானக் வெளிகளில் காம்பேக்ட் செயலிகளை (வரம்புள்ள கணங்களைக் காம்பேக்ட் கணங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பவை) முடிவுள்ள பரிமாணச் செயலிகளால் தோராயப்படுத்த முடியுமா என்ற கேள்வியோடு நெருங்கிப் பிணைந்தது. எல்லா இடத்திலும் முடியும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நாம் கையாளும் வழக்கமான வெளிகளில் எல்லாம் முடியத்தான் செய்கிறது. 1972-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்ளோ, முடியாத ஒரு வெளியைக் கட்டிக் காட்டினார். அதில் ஷாவ்டர் பேசிஸும் இல்லை. கேள்வியை எழுதி 36 ஆண்டுகளுக்குப் பிறகு மசூர் வார்சாவில் என்ஃப்ளோவின் கையில் வாத்தைக் கொடுத்தார்.

என்னிடம் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு இதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு கூற்றைக் காலையில் நிரூபிக்க முயன்றால், மாலையில் அதையே உடைக்க முயல வேண்டும். உடையாத இடத்தில்தான் நிரூபணத்தின் கரு பெரும்பாலும் கிடைக்கிறது.

வரையறையில் ஒரு சொல்லைத் தளர்த்திப் படிப்பதும் ஆராய்ச்சியில் இடறவைக்கும். ஒரு வெளியின் மேலுள்ள தொடர்ச்சியான நேரியல் சார்புகளின் வெளி அதன் டூயல், டூயலின் டூயல் இரட்டை டூயல். ரிஃப்ளெக்சிவ் என்றால் வெளியும் அதன் இரட்டை டூயலும் "ஒன்றுபோல" இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வரையறை கேட்பது, இயல்பாக அமைந்த அந்த ஒரு குறிப்பிட்ட உட்பொதிவு மேல்சார்பாக இருக்க வேண்டும் என்பதை. ராபர்ட் ஜேம்ஸ் 1951-இல் ஒரு வெளியைக் கொடுத்தார்: தன் இரட்டை டூயலோடு தூரம் மாறாமல் பொருந்துகிறது, ஆனாலும் ரிஃப்ளெக்சிவ் அல்ல.

ஆசிரியர்களாகிய நம் பக்கத் தவறையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தேற்றம், நிரூபணம், அடுத்த தேற்றம் என்று பலகையை நிரப்பிவிட்டுப் போகிறோம். உள்வெளியில் உள்ள தொடர்ச்சியான நேரியல் சார்பை நார்ம் மாறாமல் வெளி முழுவதற்கும் விரிவாக்கலாம் என்ற ஹான்–பானக் தேற்றத்தை ஒரு மணி நேரம் நிறுவுகிறோம். விரிவாக்கம் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம் என்பதைக் காட்டும் இரு பரிமாண எடுத்துக்காட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. ஹில்பர்ட் வெளியில் செங்குத்து வீழலைக் கற்பித்துவிட்டு, மூடிய உள்வெளி ஒவ்வொன்றுக்கும் மூடிய நிரப்பு இருப்பது ஹில்பர்ட் வெளிகளுக்கே (சமமான நார்மால் அப்படி ஆக்கக்கூடியவற்றையும் சேர்த்து) உரிய தனிச்சிறப்பு என்று சொல்ல மறந்துவிடுகிறோம். லிண்டன்ஸ்ட்ராஸும் ட்ஸஃப்ரீரியும் 1971-இல் நிறுவிய அந்த முடிவின் நிரூபணம் எம்.எஸ்ஸி. வகுப்புக்குக் கடினம்தான், கூற்றைச் சொல்ல என்ன தடை?

சில ஆண்டுகளாக என் உள்தேர்வில் ஒரு கேள்வியை மாற்றாமல் வைத்திருக்கிறேன். ஒரு தேற்றத்தைக் கொடுத்து, அதில் "முழுமையான" என்ற சொல்லை அடித்துவிட்டு, எது உடைகிறது என்று காட்டச் சொல்வேன். முதல் ஆண்டு பாதித் தாள்கள் வெறுமையாக வந்தன. சென்ற முறை ஒரு மாணவி, நான் வகுப்பில் சொல்லாத எடுத்துக்காட்டு ஒன்றைத் தானே கட்டி, பக்கத்தில் சிறிதாக எழுதியிருந்தாள்: "சார், இது சரியா என்று மூன்று முறை உடைத்துப் பார்த்தேன்."