கலிபோர்னியா பாப்பி: வளர்ப்பதிலும் படமெடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்கால மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளை மார்ச் மாதத்தில் ஆரஞ்சு நிறமாக்கும் பாப்பி, 1903ஆம் ஆண்டு முதல் அம்மாநிலத்தின் அதிகாரப்பூர்வ மலராக இருந்துவருகிறது. மழையை மட்டுமே நம்பித் தானாக முளைக்கும் இந்தக் காட்டுப்பூவை வீட்டில் வளர்க்க விரும்பும் பலரும், ரோஜாவுக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டியே செடியை இழக்கிறார்கள்.

முதல் தவறு நாற்று நடுவது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் முதல் ஆண்டு நானும் அதையே செய்தேன். தட்டில் விதைத்து, நான்கைந்து இலைகள் வந்த பிறகு பிடுங்கி நட்ட அத்தனை செடிகளும் ஒரே வாரத்தில் தலைசாய்ந்தன. ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: மேலே தெரிந்த செடியைவிட நீளமான ஆணிவேர், பிடுங்கும்போதே நுனி அறுந்திருந்தது. பாப்பிக்கு அந்த ஆணிவேர்தான் உயிர் என்பதால், பூக்க வேண்டிய இடத்திலேயே நேரடியாக விதைப்பதே நல்லது.

விதைக்கும் காலத்திலும் பலர் தவறுகிறார்கள். மற்ற பருவச் செடிகளைப் போல ஏப்ரலில் விதைத்தால், வேர் ஆழமாக இறங்கும் முன்பே வெயில் ஏறிவிடும். அக்டோபர், நவம்பரில் முதல் மழையை ஒட்டி விதைத்தால், குளிர்காலம் முழுவதும் வேர் இறங்கி, வசந்தத்தில் செடி நிறையப் பூக்கும். விதை மிகச் சிறியது என்பதால் மணலோடு கலந்து தூவி, கையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கலைத்து, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட மனம் வராதவர்களுக்கு, மெலிந்த தண்டும் சிறுத்த பூவுமே மிஞ்சும். கலைக்கும்போது பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டால் பக்கத்துச் செடியின் வேர் அசையாது.

எரு போடுவதும் தவறுதான். வளமான மண்ணில் இலை செழிக்கும், பூ குறையும். அதைவிட முக்கியம் வடிகால். களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கோடையில் செடி மஞ்சளாகிக் காய்வதைப் பார்த்து, செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் பல செடிகள் வெயிலுக்கு ஒடுங்கித்தான் இருக்கின்றன, தரையோடு வெட்டிவிட்டால் அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். வெட்டும் முன் சில காய்களையாவது முற்ற விட வேண்டும். நீண்டு மெலிந்த அந்தக் காய்கள் காய்ந்ததும் வெடித்து விதையைத் தூரத் தெறிக்கவிடும். மறு ஆண்டு விதைப்பு வேலை அதிலேயே முடிந்துவிடும்.

விதைக்காகக் காட்டுச் செடிகளில் கைவைக்கக் கூடாது. பொது நிலத்திலோ பிறர் நிலத்திலோ அனுமதியின்றிச் செடிகளைப் பறிப்பது கலிபோர்னியச் சட்டப்படி குற்றம். இன்னொன்றும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும்: சமையலறைக் கசகசா இந்தப் பாப்பியின் விதை அல்ல. அது அபினிச் செடியின் விதை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அச்செடியை வளர்க்க முடியாது.

படம் எடுப்பதில் நேரும் தவறுகளுள் பெரியது, நிறத்தைப் பறிகொடுப்பது. இதழைவிட இருண்ட இலைகளையும் சேர்த்துக் கேமரா வெளிச்சத்தை அளப்பதால், படத்தை அது வேண்டியதைவிட வெளிறச் செய்துவிடுகிறது. ஆரஞ்சு இதழில் சிவப்பு நிறப் பதிவுதான் முதலில் நிரம்பி வழிகிறது. அதனால் இதழின் பட்டு போன்ற மெல்லிய வரிகள் மறைந்து, வெறும் வண்ணத் திட்டு மட்டும் எஞ்சுகிறது. பிறகு எந்த மென்பொருளாலும் அந்த வரிகளை முழுமையாக மீட்க முடியாது. ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு படி வரை குறைத்து, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். செல்பேசியில் இதழின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இறக்கினால் போதும்.

விடியற்காலை ஒளிதான் அழகு என்று எண்ணி அதிகாலையில் போய் ஏமாறுபவர்களும் உண்டு. இரவிலும் குளிரிலும் மேகமூட்டத்திலும் இந்தப் பூ குடையைப் போலச் சுருண்டிருக்கும். வெயில் பட்ட பிறகே விரியும், மாலை சாய்ந்தால் மூடிக்கொள்ளும். பூ விரிந்திருக்கும் நேரத்தில், நின்றபடி மேலிருந்து எடுக்காமல், பூவின் மட்டத்துக்குக் குனிந்து, சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்கும்படி எடுத்தால் இதழ் உள்ளிருந்து விளக்கேற்றியது போல ஒளிரும். சிறு காற்றுக்கும் தண்டு ஆடும் என்பதால், ஷட்டர் வேகம் 1/500 நொடியாகவோ அதைவிட வேகமாகவோ இருப்பது நல்லது.

படத்துக்காகப் பூக்களுக்கு நடுவே போய் நிற்பது மன்னிக்க முடியாத தவறு. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் லேக் எல்சினோர் நகருக்கு அருகிலுள்ள வாக்கர் கேன்யன் பள்ளத்தாக்கில் குவிந்த கூட்டத்தில் பலர் பாதையை விட்டு இறங்கி மிதித்த இடங்களில் செடிகள் நசுங்கி, மண் இறுகிப்போனது. மிதிபட்ட செடி காய்க்காது, அடுத்த ஆண்டுக்கு விதையும் இருக்காது. சொந்தத் தோட்டத்தில் விதைப்பதற்கு முன்பே கற்களைப் பதித்து ஒற்றையடிப் பாதை ஒன்றை விட்டுவைத்தால், செடிகளை மிதிக்காமல் அருகில் போய்க் குனிய முடியும். அப்படிக் குனிபவர்களுக்குத்தான் மொட்டின் கூம்புத் தொப்பி கண்ணில் படும்: உள்ளிருக்கும் நான்கு இதழ்களும் விரியத் தொடங்கும்போது, அந்தப் பச்சைத் தொப்பி மெல்ல மேலே தள்ளப்பட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உதிரும்.