அக்கரைச் சீமை ஒரே சீமை அல்ல: குடும்ப மலர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் அறுபதாம் கல்யாணத்துக்கு மலர் போடும் வீடுகள் நிறைய. குடும்ப வரலாறு என்ற பக்கத்தைத் திருப்பினால் பெரும்பாலும் ஒரே மாதிரி வரி கண்ணில் படும்: ‘எங்கள் ஐயா பர்மா, மலேயா, சைகோன் முதலிய நாடுகளுக்குக் கொண்டுவிக்கச் சென்று பெரும்பொருள் ஈட்டினார்கள்.’ (கொண்டுவிக்கப் போவது என்றால் அக்கரைக்குத் தொழில் செய்யப் போவது.) கோளாறு அந்த ‘முதலிய’வில் இருக்கிறது. ஆசியாவின் தென்கிழக்கு மூலை முழுவதையும் ஒரே துறைமுகமாகச் சுருக்கிவிட்டால், பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பது பேரப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை விளங்காது.

முதலில் திசை. அக்கரை என்றதும் எல்லாம் நமக்குத் தெற்கே, கன்னியாகுமரிக்கும் அப்பால் என்று பலர் நினைக்கிறார்கள். ரங்கூன் சென்னைக்கும் வடக்கே, ஏறக்குறைய காக்கிநாடாவின் அட்சரேகையில் இருக்கிறது. சைகோன் திருச்சிக்கு நேர் கிழக்கு. பினாங்கும் சுமத்ராவின் மேடானும்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ளவை. சிங்கப்பூரோ பூமத்திய ரேகையிலிருந்து 150 கிலோமீட்டர் அளவில்தான். பர்மாவைச் சின்ன நாடாக நினைப்பதும் தவறு. பரப்பில் அது தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு.

இது வெறும் பள்ளிக்கூடப் பாடம் அல்ல; ஐயாக்கள் செய்த வட்டிக்கடன் தொழிலை நிர்ணயித்ததே இந்தப் புவியியல்தான். ஐராவதி டெல்டா நெல் விளையும் பூமி. அங்கே கடன் என்றால் விதைப்புக்குக் கொடுத்து அறுவடைக்கு வாங்குவது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மலேயாவில் ரப்பரும், நிலத்தடியில் வெள்ளீயமும். ஆகவே ‘பர்மாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தார்’ என்று யாராவது சொன்னால் உடனே அச்சேற்றிவிடாதீர்கள். பர்மாவின் தென்கோடியான தெனாசரிம் கரையோரம் ரப்பர் உண்டுதான். இருந்தாலும் சொன்னவர் மலேயாவை நினைத்துக்கொண்டு பர்மா என்று சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்த தவறு, எல்லா இடத்திலும் ஒரே வெள்ளைக்காரன் ஆட்சி என்பது. பர்மா 1937 மார்ச் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1925இல் ரங்கூன் போனவரை ‘வெளிநாடு சென்றார்’ என்று எழுதினால், சட்டப்படி அது பம்பாய் போன மாதிரிதான். இலங்கை 1802 முதலே லண்டனின் நேரடிக் குடியேற்றம். இந்திய அரசின் கீழ் இல்லை. பினாங்கும் சிங்கப்பூரும் 1867 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்து, பிறகு பிரிந்தன. சைகோன் பிரெஞ்சுக்காரர்களிடம், மேடான் டச்சுக்காரர்களிடம். சட்டம் வேறு, கோர்ட்டு வேறு, நாணயமும் வேறு.

நாணயம் நல்ல துப்பு கொடுக்கும். பரணில் கிடக்கும் பழைய பேரேட்டை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். தொகைகள் வெள்ளிக் (டாலர்) கணக்கில் இருந்தால் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம். ரூபாய் என்றால் பர்மாவாகவோ இலங்கையாகவோ இருக்கலாம். பியாஸ்தர் என்று கண்டால் சைகோன். மலர் போடுகிறவர்கள் போட்டோவுக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும்.

கப்பலையும் கவனியுங்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் பெயர் பலர் நினைவில் நிற்பதால், ரங்கூன் போனவரையும் அதில் ஏற்றிவிடுகிறார்கள். அது சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போன கப்பல்.

சோழர் கதையை இதில் இழுப்பது இன்னொரு வழக்கம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை அனுப்பினான்; கடாரம் கொண்டான். அந்தக் கடாரம் பர்மா என்று இன்னமும் எழுதுகிறார்கள். அது இன்றைய மலேசியாவின் கெடா. சோழர்கள் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் உட்கார்ந்து ஆண்டதற்கும் சான்று இல்லை. செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் பெருமளவில் பர்மா போனதற்கு வழி திறந்தவை மிகவும் பிந்தியவை: 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது; 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிட்டியது. இடையில் 800 ஆண்டுகளுக்கு மேல். புலிக்கொடி படம் போட ஆசைதான். ஐயாவின் தொழில் விலாசத்துக்கும் (கடைப் பெயருக்கும்) அதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாவற்றிலும் அதிகம் குழம்புவது முடிவுக் கதை. ‘பர்மாக்காரன் துரத்திவிட்டான், எல்லாம் போயிற்று’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நடந்தது நாலைந்து கட்டமாக. 1930க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. விவசாயியால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு. 1938க்குள் ஏறத்தாழ 25 விழுக்காடு. ரொக்கத்தில் புரள வேண்டிய முதல் இப்படி மண்ணில் முடங்கியதை லேவாதேவிக்காரர் யாரும் விரும்பியிருக்க மாட்டார். ஆனால் நிலம் இழந்த பர்மிய உழவனுக்கு அந்தச் சமாதானம் எதற்கு? இந்தப் பகுதியை நம் மலர்கள் தாண்டிக் குதித்துவிடுகின்றன. இதை விட்டுவிட்டால் பின்னால் வந்த கசப்பு திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றும்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் போர். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. அசாம், மணிப்பூர்க் காடுகள் வழியாக நடந்து வந்தவர்கள் கதை இந்த ஆண்டுக்குரியது. 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்த கையோடு நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962இல் நே வின் ராணுவ ஆட்சி. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின; மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்கள் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவர்கள். ‘1964இல் காட்டு வழியே நடந்து வந்தார்’ என்று யாராவது எழுதியிருந்தால், தந்தை கதையும் மகன் கதையும் கலந்துவிட்டன என்று பொருள். அதே 1964 அக்டோபரில் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்பந்தப்பட்டது. பர்மா அகதிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வீட்டுச் சாமானைக் காட்டிக் கதை சொல்லும்போதும் எச்சரிக்கை வேண்டும். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சரி. அதற்காக எல்லாமே பர்மா ஆகிவிடாது. ஒரு மங்குத் தட்டைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முத்திரை அழியாமல் இருந்தால் ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா என்று எழுதியிருப்பதைக் காணலாம். செக்கோஸ்லோவாகியா என்ற நாடே 1918இல்தான் பிறந்தது; ஆக அந்தத் தட்டை ‘1900இல் எங்கள் அப்பத்தா சீராகக் கொண்டுவந்தது’ என்று காட்ட முடியாது. சுவரில் மினுங்கும் பூக்கல் பல வீடுகளில் ஜப்பான் சரக்கு. காலடியில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லோ பக்கத்து ஊரில் கையால் வார்த்தது. அதையும் இத்தாலிக்குத் தாரை வார்க்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள்!

பெயர்கள் விஷயம் சுலபம். ரங்கூன் 1989 முதல் யங்கோன். ஆனால் இன்றைய தலைநகர் அது அல்ல, நேபிடோ. பர்மாவின் மோல்மேன் இப்போது மாவ்லமைன். சைகோன் 1976 முதல் ஹோசிமின் நகரம். ஐயா காலத்துப் பெயரையே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் இன்றைய பெயரைச் சேர்த்தால் போதும். வரைபடத்தில் தேடும் பேத்தி குழம்ப மாட்டாள்.