காரில் தீராத சத்தமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இடதுபுறம் 'டொக்'. "ஷாக் அப்சார்பர் போச்சு சார்" என்றார் மெக்கானிக். சரி என்று இரண்டையும் மாற்றினேன். பட்டறையை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடையிலேயே மறுபடி 'டொக்'. கடைசியில் பார்த்தால் காரணம் லிங்க் ராடு, அதாவது ஷாக்கையும் ஸ்டெபிலைசர் பாரையும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைக்கும் சின்னக் கம்பி. ஷாக் விலைக்கு முன்னால் அது சில்லறைக் காசு. அதைக் கழற்றி மாட்டித்தான் ஷாக்கையே மாற்றியிருந்தார்கள்; ஆட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எந்தப் பாகம் என்று தெரியாமல் மாற்றத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சத்தம் பாடியின் இரும்பு வழியாக ஓடும். காலடியில் கேட்பது பின்சக்கரத்திலிருந்தும் வரலாம். காதை நம்பாமல் கையை நம்புங்கள்.

காரைத் தூக்கி வைத்து லிங்க் ராடைச் சோதிப்பது அடுத்த தவறு. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடின் மூட்டை இறுக்கிப் பிடித்துவிடும், ஆட்டம் தெரியாது. கார் சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். டயருக்குப் பின்னால் கைவிட்டு லிங்க் ராடின் மூட்டை விரல்களால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காரைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். மூட்டு தேய்ந்திருந்தால் விரலிலேயே 'டக்' என்று தட்டும்.

மெக்கானிக்கிடம் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகரும்போது 'டக் டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். வேகம் கூடக் கூட 'ஊ' என்ற இரைச்சல் ஏறி, வளைவில் மாறினால் வீல் பேரிங் மேல் சந்தேகம். டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இரைச்சல் வரும் என்பதால் அதையும் தடவிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது இரும்பு உரசினால் ஆராய்ச்சி வேண்டாம், உடனே பட்டறை.

கிறீச்சிடும் ரப்பர் புஷ்ஷுக்கு (இரும்புப் பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை) எஞ்சின் ஆயில் விடுகிறவர்களும் உண்டு. இரண்டு நாள் அமைதி, அப்புறம் ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுவிடும். சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்முக்குப் புது புஷ் போட்டால், சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கவிடாதீர்கள். காரின் எடை சக்கரத்தில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பல பட்டறைகளில் இது நடக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கிவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்; சத்தம் அவற்றிலிருந்தே வரலாம்.

என் காரில் லிங்க் ராடு மாற்றிய பிறகும் ஒரு கடகட மிச்சமிருந்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் வராது, தனியாகப் போனால் வரும். தொங்கிக்கொண்டிருந்த சீட் பெல்ட்டின் நாக்கு பிளாஸ்டிக்கில் தட்டியிருக்கிறது.